அடுத்து எந்த ஜாஸ் ஆல்பம்? பக்கவாத்தியம் யார் என்று பாருங்கள்

"'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்டாச்சு, ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்து என்ன?" டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ஜாஸ் பக்கம் புதிதாக வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நூறு ஆல்பங்களின் பட்டியலை அனுப்பி வைத்தால் அது போனில் அப்படியே கிடக்கும். அதனால் நான் ஒரே ஒரு வழிதான் சொல்வேன்: அந்த ஆல்பத்தில் பாஸ் (டபுள் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவர் யார் என்று பாருங்கள், அவர் வேறு எங்கெல்லாம் வாசித்திருக்கிறார் என்று தேடுங்கள்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடுகிறவர் பெயரைப் பார்த்த கையோடு மிருதங்கம் யார் என்றுதானே கண் போகும். ஐம்பதுகளின் நியூயார்க்கிலும் அப்படித்தான். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்; பின்னால் நிற்கும் பாஸ், டிரம்ஸ், பியானோக்காரர்கள் ரெக்கார்டு கம்பெனி விட்டுக் கம்பெனி போய் வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஆல்பத்தின் நடையைத் தீர்மானிப்பதில் அவர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு.

முதலில் காதைத் தயார் செய்ய வேண்டும். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பாஸின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. சாதாரண இயர்போன் போதும், விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம்.

இப்போது 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் டிராக், 'ஸோ வாட்'. பியானோவும் பாஸும் மெதுவாக ஏதோ தேடுவதுபோல ஆரம்பிக்கும். அப்புறம் மெட்டை எடுப்பது பாஸ். டிரம்பெட்டும் சாக்ஸபோன்களும் இரண்டே ஸ்வரத்தில் அதற்கு ஆமாம் போடும். ஒன்றரை நிமிடம் போனதும் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார், அதன் மேல் மைல்ஸ் டேவிஸின் சோலோ தொடங்கும். எல்லோரும் மைல்ஸின் பின்னால் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள், பாஸுடனேயே இருங்கள். எட்டெட்டு பார்களாக (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) பிரித்துப் பார்த்தால், இரண்டு பகுதிகள் ஓர் இடத்தில், மூன்றாவது மட்டும் அரை ஸ்வரம் மேலே, நான்காவது திரும்பப் பழைய இடத்துக்கு. பாஸ் எப்போது மேலே ஏறுகிறது என்று பிடிபட்டுவிட்டால், இந்தச் சோலோக்கள் எங்கே இருக்கின்றன என்கிற குழப்பம் போய்விடும். எனக்குத் தெரிந்து ஜாஸ் கேட்பதில் பாதிக் கஷ்டம் அதுதான்.

அந்த பாஸ்காரர் பால் சேம்பர்ஸ். 1935 ஏப்ரல் 22 அன்று பிறந்தவர். ஆல்பத்தின் இரண்டாவது ஒலிப்பதிவு நடந்தது 1959 ஏப்ரல் 22 அன்று, அதாவது அவருடைய 24ஆவது பிறந்தநாளில். காசநோயால் 33 வயதில் இறந்துபோனார். அதற்குள் அவர் வாசித்து வைத்திருப்பதைக் கேட்டு முடிக்கவே நமக்குச் சில வருடங்கள் ஆகும்.

அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போவது? நான் சொல்லும் வரிசை இது. முதலில் 1958இல் வந்த, பியானோக்காரர் சோனி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்'. அவசரமே இல்லாத நடை, பாஸ் தெளிவாகக் கேட்கும். அடுத்து 1957இல் பதிவான, சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்'. அதில் டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கனுக்கு அப்போது 19 வயது, நம்பவே முடியாது. சாக்ஸபோன்காரர் ஆர்ட் பெப்பரின் ஆல்பம் ஒன்றுக்கு 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் தி ரிதம் செக்‌ஷன்' என்றே பெயர். ரிதம் செக்‌ஷன் என்றால் பியானோ, பாஸ், டிரம்ஸ் சேர்ந்த பக்கவாத்தியக் குழு. மைல்ஸின் பக்கவாத்தியக்காரர்களான ரெட் கார்லண்ட், சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் மூவரோடும் சேர்ந்து வாசித்ததையே அட்டையில் போட்டு விற்றிருக்கிறார்கள். பக்கவாத்தியத்துக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' மட்டும் கொஞ்சம் கவனம். பெரிய பெயர் என்பதால் எல்லோரும் முதல் டிராக்கைப் போட்டு, அதன் வேகத்தில் மிரண்டு மூடிவிடுகிறார்கள். கடைசிக்கு முந்தைய டிராக்கான 'நைமா'வில் தொடங்குங்கள். அந்த ஒரு டிராக்கில் மட்டும் கோல்ட்ரேனோடு பியானோக்காரர் விண்டன் கெல்லி, சேம்பர்ஸ், ஜிம்மி காப் மூவரும் வாசிக்கிறார்கள். மூவருமே 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் உங்களுக்குப் பழக்கமானவர்கள். மேலே ராகம் நகர நகர, கீழே பாஸ் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் தம்புராபோல நிற்கும், நடுப்பகுதியில் மட்டும் வேறு ஸ்வரத்துக்கு மாறும். அப்புறம் கடைசி டிராக் 'மிஸ்டர் பி.சி.'. பி.சி. வேறு யாருமில்லை, பால் சேம்பர்ஸ்தான்.

பெயர்களைத் தேடுவது பெரிய வேலையில்லை. பாட்டு கேட்கும் ஆப்களில் பெரும்பாலும் லீடர் பெயர் மட்டும்தான் முகப்பில் இருக்கும். ஆல்பத்தின் பெயரோடு 'பெர்சனெல்' (personnel, அதாவது வாசித்தவர்கள்) என்று சேர்த்துத் தேடினால் முழுப் பட்டியலும் வந்துவிடும். பழைய அட்டையின் பின்பக்கப் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. இன்னொன்று: மறுபதிப்புகளில் ஒரே பாட்டை மறுபடி வாசித்துப் பதிவு செய்த இரண்டு மூன்று டேக்குகளைக் கடைசியில் ஒட்டி வைத்திருப்பார்கள். முதல் தடவை அவற்றைத் தொடாதீர்கள். 'ப்ளூ ட்ரெய்ன்' என்றால் முதலில் வந்த ஐந்து டிராக்குகள், அத்தோடு நிறுத்துங்கள்.

நீங்கள் ஒருவருக்குச் சிபாரிசு செய்யும்போதும் இதே கணக்குதான். "செம ஆல்பம், கண்டிப்பா கேளு" என்பதால் ஒரு பயனும் இல்லை. ஒரு டிராக், அதில் கவனிக்க ஒரே ஒரு விஷயம், முடிந்தால் எத்தனையாவது நிமிடம் என்பது. "நைமா கேள். சாக்ஸை விட்டுவிட்டு பாஸ் எப்போது ஸ்வரம் மாற்றுகிறது என்று பார்" என்று அனுப்பினால் ஆள் கேட்டுவிட்டுப் பதில் போடுவார். நான் பார்த்தவரை பிடிக்கவில்லை என்கிற பதிலும் வரும். அதுவும் சரிதான், அடுத்து எதை அனுப்புவது என்று அதில் தெரிந்துவிடும்.

சேம்பர்ஸில் ஓரளவு பழகியபின் வேறொரு பாஸ்காரரைப் பிடியுங்கள். நம் ஊர் வாசகருக்கு நான் சொல்வது செசில் மெக்பீ. ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வில், தம்புராவுக்கு அடியில் திரும்பத் திரும்ப வரும் அந்த பாஸ் வரி அவருடையது. ஹார்ப் வாசிப்பது ஆலிஸ். தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். ஆலிஸுக்கு அவர் குரு.

அதே ஆல்பத்தின் கடைசி டிராக்கில் மட்டும் பாஸ்காரர் மாறிவிடுகிறார். இவர் சார்லி ஹேடன். அவர் பெயரைத் தேடினால் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' வரும். அதுவும் 1959தான். ஆனால் அதில் பியானோவே கிடையாது. அதை 'லோன்லி வுமன்' டிராக்கிலிருந்து தொடங்குங்கள், டிரம்ஸ் ஒரு வேகத்தில் ஓட, பாஸும் மெட்டும் அதற்கு அவசரப்படாமல் தனியாக நடக்கும்.