ஊரே சேர்ந்து ஒரு நாவல் படிப்பது எப்படி? முதல்முறை நடத்துபவர்களுக்கு

நான் இருப்பது அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலையில். வேலைக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே கணிசம். சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் அடுக்கிக் கொடுப்பேன். ஒருநாள், "ஊர் முழுக்க ஒரே புத்தகம் படிக்கிற மாதிரி ஒன்று நடத்தலாமா, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள். யோசிக்காமல் சரி என்றேன். அதற்கப்புறம் செய்த தப்புகளில் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது.

பின்கதை சுருக்கமாக: 1998-இல் சியாட்டில் பொது நூலகத்தைச் சேர்ந்த நான்சி பேர்ல் தொடங்கிவைத்த யோசனை இது. 2001-இல் சிகாகோ பிடித்துக்கொண்டது. 2006-இல் அரசின் தேசியக் கலை நிதியம் 'பிக் ரீட்' என்ற பெயரில் பத்து ஊர்களில் சோதனை பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு நாடு முழுக்கக் கொண்டுபோனது. இவ்வளவு தெரிந்தால் போதும். வேலைக்கு வருவோம்.

1. புத்தகத்தை முடிவு செய்யுங்கள்

ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். 2002-இல் நியூயார்க் நகரத்தில் எந்தப் புத்தகம் என்ற சண்டையிலேயே திட்டம் இரண்டுபட்டுப் போனது. மூன்று பேர் உட்கார்ந்து பேசுங்கள், ஒருவர் முடிவெடுக்கட்டும்.

எங்களுக்கு எல்லைப்புறக் காலத்து வரலாற்று நாவல் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெள்ளையர் குடியேற்றம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்த 19-ஆம் நூற்றாண்டுக் கதை. நாங்கள் எடுத்தது சார்லஸ் போர்ட்டிஸ் எழுதிய 'ட்ரூ கிரிட்', 1968-இல் வந்தது. அப்பாவைச் சுட்டுக் கொன்றவனைத் தேடி, ரூஸ்டர் காக்பர்ன் என்ற ஒற்றைக்கண் மார்ஷலை (கூட்டாட்சி அரசின் காவல் அதிகாரி) காசு கொடுத்து அமர்த்திக்கொண்டு கிளம்பும் 14 வயது மேட்டி ராஸின் கதை. 'பிக் ரீட்' பட்டியலிலும் இருந்த புத்தகம்தான். ஆனால் நாங்கள் எடுத்ததற்குக் காரணம் வேறு.

முதல் காரணம், பக்கம் 200-ஐக் கொஞ்சம்தான் தாண்டும். வருஷத்துக்கு ஒரு புத்தகம் படிக்கிறவர் கையில் 600 பக்கத்தைக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். இரண்டாவது, கதை தொடங்கும் ஃபோர்ட் ஸ்மித் இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். மூன்றாவதுதான் முக்கியம்: படித்தவர்கள் சண்டை போடுவார்கள். மேட்டி செய்தது நியாயமா, வெறும் பிடிவாதமா? காக்பர்ன் சட்டத்தின் ஆளா, சட்டை மாற்றிய ரவுடியா? எல்லாரும் "நல்ல புத்தகம்" என்று தலையாட்டும் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்ட முடியாது.

2. பிரதிகளை நூலகத்துக்கு வெளியே வையுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. நன்கொடையில் 40 பிரதி வாங்கி, அழகாக முத்திரை குத்தி, நூலக முகப்பில் ஒரு படிவத்தோடு வைத்தேன். பத்து நாளில் போனது ஆறு. அந்த ஆறும் எப்படியும் நூலகத்துக்கு வருகிறவர்கள் எடுத்தது.

அப்புறம் படிவத்தைத் தூக்கிப் போட்டேன். முடிதிருத்தும் கடை, காசு போட்டுத் துவைக்கும் லாண்டரி, டயர் கடையின் காத்திருப்பு அறை, இந்தியன் கிராசரியின் கல்லாவுக்குப் பக்கம் என்று மும்மூன்றாக வைத்தேன். அட்டையில் ஒரே வரி: "எடுத்துப் போங்கள், முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுங்கள்." ஒரே வாரத்தில் எல்லாம் தீர்ந்தது. வரிசையில் காத்திருக்கிறவர் கையில்தான் புத்தகம் முதலில் திறக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நாவலின் காப்புரிமை 2063 முடிகிற வரை உண்டு. "முதல் இருபது பக்கம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கலாமே" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வேண்டாம். வாசிக்க நேரமில்லாத லாரி ஓட்டுநர்களுக்கு ஒலிப்புத்தகத்தைச் சொல்லுங்கள். டோனா டார்ட் என்ற இன்னொரு நாவலாசிரியை வாசித்தது. அமெரிக்கத் தெற்கத்தி உச்சரிப்பில் கேட்கக் கேட்க சுகம்.

3. நான்கு வாரமாகப் பிரியுங்கள்

பக்கக் கணக்கில் பிரிக்காதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பதிப்பு இருக்கும். பயணத்தை வைத்துப் பிரித்தால் யாரும் தொலைய மாட்டார்கள்: ஃபோர்ட் ஸ்மித்தில் குதிரை பேரம் முடியும் வரை ஒரு வாரம், ஆற்றைக் கடக்கும் வரை ஒன்று, மண்குடிசையும் அதற்குப் பிந்தைய இரவும் ஒன்று, மிச்சம் கடைசி வாரம். கடைசி வாரத்துப் பகுதியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

4. முதல் கூட்டத்தில் விளக்கம் வேண்டாம், சத்தமாக வாசியுங்கள்

"இந்த நாவலின் மையக்கருத்து என்ன?" என்று நான் ஆரம்பித்தேன். இருபது பேர் காபி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்வியை முப்பது வருஷம் கழித்து மறுபடி கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்?

நிலைமையைச் சமாளிக்க, பழைய கார் விற்கும் ஒருவரையும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணையும் எழுப்பிக் குதிரை பேரத்தை வாசிக்கச் சொன்னேன். அப்பா வாங்கிய குட்டைக் குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசு கொடு, உன் பொறுப்பில் விட்ட குதிரை களவு போனதற்கும் ஈடு கொடு என்று மேட்டி வியாபாரியை மடக்கும் இடம். அவர் கோபப்படுகிறார், கெஞ்சுகிறார், அவளோ வக்கீல் பெயரைச் சொல்லியே நகர்த்துகிறாள். கடைசியில் 325 டாலரில் வந்து நிற்கிறது. கார் விற்பவர் பாதி வாசிப்பில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, இந்த மாதிரி ஆள் எங்கள் கடைக்கும் வருவார்கள்!" என்றார். அப்புறம் கூட்டத்தை நிறுத்தத்தான் எனக்குப் பாடு.

வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேட்டி கதையைச் சொல்வது வயதான பிறகு. பேச்சு வழக்கில் 'டோன்ட்' என்று சுருக்க வேண்டிய இடத்தில் 'டூ நாட்' என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் துப்பாக்கிச் சண்டையை வர்ணித்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. மௌனமாகப் படித்தால் பலருக்கு அது பிடிபடுவதில்லை.

5. புத்தகத்தில் இல்லாதவர்களையும் கூப்பிடுங்கள்

கௌபாய் தொப்பிப் போட்டியெல்லாம் முதலில் திட்டத்தில் இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு பாட்டி கை தூக்கினார். சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். "இவர்கள் ஆற்றைக் கடந்து போவது எங்கள் நாட்டுக்குள். கதை முழுக்க எங்கள் மண். நாங்கள் எங்கே?" என்றார். தொப்பிப் போட்டியை அன்றோடு விட்டோம்.

1830 ஒப்பந்தத்துக்குப் பிறகு மிசிசிப்பியிலிருந்து விரட்டப்பட்டு, கண்ணீர்த் தடம் என்கிற அந்தக் கொடும்பயணத்தில் வந்து சேர்ந்தவர்கள் சோக்டா மக்கள். பழங்குடிகளுக்கென்று ஒதுக்கி, அவர்கள் இருந்த 'இந்தியப் பிரதேசம்' 1907-இல்தான் ஓக்லஹோமா மாநிலத்தின் பகுதியானது. அங்கே குற்றம் செய்து ஒளியும் வெளியாட்களைப் பிடிக்கும் அதிகாரம் ஃபோர்ட் ஸ்மித்தின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இருந்தது. அப்பாவைக் கொன்றவன் ஓடி ஒளிந்தது அங்கே. அதனால்தான் மேட்டிக்கு ஊர் ஷெரிஃப் போதவில்லை, மார்ஷல் தேவைப்பட்டார். இந்த ஒரு விஷயம் புரிந்தால் கதையின் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். சோக்டா நேஷன் இன்றும் தன் அரசோடு இயங்குகிறது, தலைமையகம் ஓக்லஹோமாவின் டூரன்ட். பேச்சாளர் வேண்டுமென்றால் நாலு மாதம் முன்பே கேளுங்கள். பேசுகிறவருக்குப் பணம் கொடுங்கள், வெறும் பொன்னாடையோடு அனுப்பாதீர்கள்.

பாஸ் ரீவ்ஸையும் சொல்லாமல் விடாதீர்கள். அடிமையாகப் பிறந்து 1875 முதல் துணை மார்ஷலாக வேலை செய்த கறுப்பினத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பிடிவாரண்டுகளைப் பிறர் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போவாராம். வாசிப்பு நிகழ்ச்சியில் இதைச் சொன்னபோது அறையில் சத்தம் இல்லை.

நாவலின் காக்பர்ன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையை ஆதரித்த தெற்கின் பக்கம் நின்ற குவான்ட்ரிலின் கொள்ளைப் படையோடு திரிந்தவர். 1863-இல் கான்சாஸின் லாரன்ஸ் ஊரைச் சூறையாடியது அந்தப் படைதான். இந்தப் பேச்சு எழும்போது நடுவராக உட்காருங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்.

6. ஒரு நாள் பயணம், கடைசியில் படம்

மூன்றாம் வாரம் ஃபோர்ட் ஸ்மித் போய் வந்தோம். நாவலில் வரும் நீதிபதி ஐசக் பார்க்கர் நிஜ மனிதர். 1875-இலிருந்து 1896 வரை 21 ஆண்டு அங்கே நீதிபதி. 160 பேருக்குத் தூக்குத்தண்டனை விதித்தார், அதில் 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவருடைய நீதிமன்ற அறை, நிலவறைச் சிறை, திரும்பக் கட்டிய தூக்குமேடை எல்லாம் தேசிய வரலாற்றுத் தலமாக இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் தூக்குமேடைக்கு முன்பே ஐஸ்கிரீமுக்குப் பிரித்து அனுப்பிவிடுங்கள். 2023-இல் திறந்த மார்ஷல் அருங்காட்சியகமும் ஆற்றோரம்தான்.

நாவல் 1969-லும் 2010-லும் படமாகியிருக்கிறது. எல்லாரும் படித்து முடித்த பிறகே போடுங்கள், முன்பே போட்டால் புத்தகம் திறக்காது. வீட்டு டிவிடியைக் கொண்டுவந்து பொது இடத்தில் ஓட்டக்கூடாது, அதற்குத் தனித் திரையிடல் உரிமம் வேண்டும். நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பிரதிகளைத் திரும்பக் கேட்டு யாரையும் துரத்த வேண்டாம். எங்களுக்கு 40-இல் 27 வந்தன. ஒன்றில் குதிரை பேரம் நடக்கும் பக்கத்தில் டயர் கடை ரசீது ஒன்று செருகியிருந்தது. அச்சிட்ட விலையை அடித்து, பக்கத்தில் பேனாவால் 35 டாலர் குறைத்து எழுதி, கடைக்காரர் கையெழுத்தும் போட்டிருந்தார்.