ஃபென்வே பார்க் டூர்: எப்போது போவது, எங்கே நின்று எதைப் பார்ப்பது

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஃபென்வே பார்க், அந்நாட்டின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் மைதானங்களில் மிகப் பழையது. முதல் லீக் ஆட்டம் 1912 ஏப்ரல் 20 அன்று நடந்தது. பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது. வழிகாட்டியோடு சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குழு எங்கேயும் அதிக நேரம் நிற்காது. எங்கே எதைத் தேட வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு போனால்தான் அந்த ஒரு மணி நேரம் போதும்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள். ரெட் சாக்ஸ் அணியின் ஆட்ட அட்டவணையைப் பார்த்து, உள்ளூரில் ஆட்டமே இல்லாத நாளில் காலை டூரைப் பிடியுங்கள். ஆட்ட நாளில் டூர்கள் சீக்கிரமே முடிந்துவிடும், சில பகுதிகளை மூடியும் வைத்திருப்பார்கள்.

ரயிலில் போகிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுவது வழக்கம். பாஸ்டன் நகர ரயிலின் கிரீன் லைன் பாதையில் ‘ஃபென்வே’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. மைதானத்துக்கு அருகில் இருப்பது அதுவல்ல, கென்மோர். பி, சி, டி வண்டிகள் மூன்றும் கென்மோரில் நிற்கும். ஈ வண்டி காப்லியைத் தாண்டியதும் வேறு பாதையில் பிரிந்துவிடும், அதில் ஏறாதீர்கள். டூரில் படிகளும் சரிவுகளும் நிறைய. படி ஏற முடியாதவர் உடன் வந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி மைதானத்தின் இடது பக்கச் சுவர். கிரீன் மான்ஸ்டர் என்ற பெயரில் உலகம் அறிந்த இதன் உயரம் 37 அடி 2 அங்குலம். மேலே 2003-இல் இருக்கைகள் வைத்தார்கள். அங்கே ஏறியதும் எல்லோரும் புல்தரையைப் படமெடுக்க ஓடுவார்கள். நீங்கள் முதலில் பின்பக்கம் திரும்பிக் கீழே பாருங்கள். சுவரை ஒட்டியே லான்ஸ்டவுன் தெரு ஓடுகிறது. மைதானத்தை அந்தப் பக்கம் நீட்ட இடமே இல்லை. ஹோம் பிளேட்டிலிருந்து, அதாவது மட்டையடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து, இடது எல்லைக் கோட்டின் முடிவு வரை 310 அடிதான். 1958-க்குப் பிறகு கட்டிய மைதானங்களுக்கு விதி கேட்பது குறைந்தது 325 அடி. தூரத்தில் விட்டதை உயரத்தில் பிடித்திருக்கிறார்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பந்து இந்தச் சுவரில் பட்டுத் திரும்பினால் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) இல்லை, ஆட்டம் தொடர்கிறது. சுவரில் ஓர் ஏணியும் தெரியும். மேலே இருக்கைகளுக்குப் பதில் வலை இருந்த காலத்தில், அதில் விழுந்த பந்துகளை எடுக்க ஏறியது அதில்தான். வலை போன பிறகும் ஏணி நிற்கிறது, பந்து அதில் பட்டாலும் ஆட்டம் நிற்காது.

சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டை மேலிருந்து பார்க்க முடியாது. அதை எதிர்ப்பக்க கேலரியிலிருந்தே பார்த்து முடித்துவிடுங்கள். எண் பலகைகளை இன்றும் உள்ளே இருந்து ஆட்கள் கையால்தான் மாற்றுகிறார்கள். அதன் வெள்ளைச் செங்குத்துக் கோடுகளில் புள்ளியும் கோடுமாக இருப்பது மோர்ஸ் குறியீடு: அணியின் முன்னாள் உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் யாக்கி ஆகியோரின் பெயர் முதலெழுத்துகள். ஜூம் வசதியுள்ள கேமரா இருந்தால் இங்கே உதவும்.

வலது பக்கத் திறந்த கேலரியில், பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு: பிரிவு 42, வரிசை 37, இருக்கை 21. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி, அதாவது சுமார் 153 மீட்டர், ஹோம் ரன் விழுந்த இடம் அது. குழு அந்தப் பக்கம் போகாவிட்டாலும் சுவரின் மேலிருந்து கண்டுபிடித்துவிடலாம். அதன் தொலைவை உணரவும் அங்கிருந்து பார்ப்பதே மேல். வலது எல்லைக் கோட்டின் முடிவில் உள்ள மஞ்சள் கம்பத்தின் பெயர் பெஸ்கி கம்பம். ஹோம் பிளேட்டிலிருந்து அதற்குத் தூரம் 302 அடிதான்.

பிறகு ஆட்டம் பார்க்கவும் வரப்போகிறீர்கள் என்றால், டூரிலேயே இருக்கையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கேலரியில் உள்ள நீல நிற மர இருக்கைகளில் உட்கார்ந்து பாருங்கள். அவை குறுகலானவை, கால் நீட்ட இடம் குறைவு. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் சில இடங்களில் பந்து வீசுபவரையே மறைக்கும். வலது பக்கக் கோடியில் பல இருக்கைகள் ஹோம் பிளேட்டைப் பார்க்காமல் மைதானத்தின் நடுப்பகுதியைப் பார்த்து இருப்பதால், ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே உட்கார வேண்டியிருக்கும். பார்வை மறைக்காத இருக்கையின் பிரிவு, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கே டிக்கெட் தேடுங்கள்.