முதல் நாவல்: மெய்ப்புப் பிரதியில் கதை எழுதாதீர்கள்

போன வாரம் ஓர் இளம் எழுத்தாளர் தன் முதல் நாவலின் மெய்ப்புப் பிரதியை, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கத் தரும் பிரதியைக் கொண்டுவந்தார். ஓரமெங்கும் சிவப்பு மை. பிழைதிருத்தம் என்று நினைத்துப் புரட்டினால், புதிய பத்திகள், அடித்துப்போட்ட உரையாடல்கள். ஓரிடத்தில் ஒரு பாத்திரமே புதிதாக முளைத்திருந்தது. என் முதல் நாவலில் நானும் இதைத்தான் செய்தேன். சந்திப்பிழை, கால மயக்கம் பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

மெய்ப்பு இன்னொரு வரைவு அல்ல

பக்கம் அச்சுக்கோலத்தில் வந்து நிற்கும்போதுதான் நம் வாக்கியங்களின் குறைகள் நமக்கே உறுத்தும். கை பரபரக்கும். என் நாவல் 208 பக்கம். புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுப்பு) அச்சாகின்றன என்பதால், சரியாக 13 ஃபாரம். ஏழாம் அத்தியாயத்தில் தாய் எழுதும் கடிதம் ஒன்றைச் சேர்த்தேன். பதினோரு வரிதான். அத்தியாயத்தின் கடைசி இரண்டு வரிகள் புதுப் பக்கத்துக்கு வழிந்தன. பின்னால் இருந்த அத்தியாயங்கள் எல்லாம் ஒவ்வொரு பக்கம் தள்ளிப்போயின. அந்த 209ஆம் பக்கத்துக்காகக் கூடுதல் ஃபாரம். புத்தகம் தடித்ததால் முதுகின் அகலம் மாறி, முடிந்துபோயிருந்த அட்டையை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. குறிப்பிட்ட அளவுக்கு மேல் திருத்தினால் செலவு ஆசிரியருடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை.

அதோடு நிறுத்தினேனா? நாயகனின் பெயரை மணியிலிருந்து முரளி ஆக்கச் சொன்னேன். கணினியில் தேடி ஒரே தட்டில் மாற்றினார்கள். "காலை ஆறு முரளிக்கு ரயில் வந்தது" போன்றவற்றைப் பிடித்துவிட்டேன். ஒன்று தப்பிவிட்டது. தாய் இறக்கும் காட்சியில், மகன் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பான். அச்சில் அது "முரளிக்கட்டு". மூன்று மாதம் எழுதிய காட்சி அது. இன்றும் அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. வடிவமைப்புக்குக் கொடுக்கும் முன்பே உங்கள் கோப்பைப் புத்தக அளவுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். வழக்கமாகத் தட்டச்சிடும் எழுத்துருவையும் மாற்றி, தாளில் எடுத்து உரக்கப் படியுங்கள். மெய்ப்பில் உறுத்தப்போவதில் பெரும்பகுதி அப்போதே உறுத்தும். திருத்தச் செலவும் இல்லை. அதற்குப் பிறகும் மெய்ப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றியே தீர வேண்டுமென்றால், எடுத்த அளவுக்கே வையுங்கள், அதுவும் அதே பத்திக்குள்.

வேண்டியவர்களிடம் மட்டும் படிக்கக் கொடுப்பது

பாராட்டுவார்கள். நாவலுக்குப் பயனில்லை.

ஐஎஸ்பிஎன்னை உரிமைப் பத்திரமாக நினைப்பது

அது நூலுக்கான 13 இலக்க அடையாள எண், அவ்வளவே. அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. எழுத்தின் மீதான உங்கள் உரிமையை அது தருவதுமில்லை, காப்பதுமில்லை. அந்த உரிமை ஒப்பந்தத்தில்தான் கைமாறுகிறது. எத்தனை ஆண்டுக்கு, எந்த வடிவத்துக்கு என்று பாருங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "அனைத்து உரிமைகளும்" என்று ஒரே வரியில் இருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.