எம்பி3 பிளேயர் டப்பாவில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம்?

யாங்கூனில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கும்போது போன் சார்ஜைப் பாட்டுக்குச் செலவழிக்க மனசு வராது. ஆனால் அம்மாவுக்கு விடியற்காலையில் முருகன் பாட்டு கேட்டாக வேண்டும். அதற்காகவே தனியாக ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வாங்கினோம். வாங்கும்போது இதெல்லாம் தெரிந்திருந்தால் கொஞ்சம் காசு மிஞ்சியிருக்கும்.

முதலில் பிட்ரேட். ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தகவல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு இது. 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. பேச்சுக்கும் பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டுக்கும் 128 போதும். ஆனால் காளியம்மன் கோயிலில் கேட்கிற மாதிரி நாதஸ்வரமும் தவிலும் வேண்டுமென்றால் 256க்குக் கீழே போகாதீர்கள், அதிலும் ஜால்ரா சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள், பிட்ரேட் குறைந்தால் முதலில் அதுதான் கலங்கிப்போய் சொரசொரவென்று கேட்கும். கடையில் 320 என்று சொல்லி எனக்கு ஏற்றிக் கொடுத்தது 128ஐப் பெரிதாக்கிய கோப்புகள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய செம்புக்கு மாற்றினால் கெட்டியாகிவிடுமா? இடம்தான் வீண்.

ஃப்ளாக் என்பது சிடியில் இருக்கும் ஒலியை எதையும் கழிக்காமல் சுருக்குவது. சிடியின் 1411 கேபிபிஎஸ் பெரும்பாலும் பாதிக்குப் பக்கமாக வந்துவிடும். நல்ல ஹெட்போன் இல்லாதவர்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து.

அப்புறம் மெமரி கார்டு. 32 ஜிபி கார்டைக் கணினியில் போட்டால் 29.8 என்றுதான் காட்டும், ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். உண்மையான ஏமாற்று வேறு: அடிமாட்டு விலைக்கு 512 ஜிபி என்று விற்கும் போலி கார்டு. உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும், அதைத் தாண்டி ஏற்றிய பாட்டெல்லாம் போய்விடும். கார்டு நிறையக் கோப்புகளை ஏற்றி, கடைசியில் ஏற்றியதைத் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள். கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கும் பெயர் உண்டு: 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டுமே புரியும். அப்படிப்பட்ட பிளேயருக்கு 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எம்ஏஹெச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. டப்பாவில் போட்டிருக்கும் மணிநேரம் பெரும்பாலும் சத்தத்தைக் குறைத்து, திரையை அணைத்து அளந்தது. ப்ளூடூத் போட்டால் சீக்கிரம் தீரும். கரண்ட் இல்லாத நாளில் வயர் ஹெட்போன்தான் சரி.

பாட்டின் பெயருக்குப் பதில் கேள்விக்குறியோ கட்டமோ தெரிந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை, பிளேயரில் தமிழ் எழுத்து இல்லை. கோப்புக்குள் பாட்டின் பெயரை வைத்திருக்கும் டேக்கை ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள், கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். அம்மா இப்போது எண்ணைப் பார்த்தே பாட்டை எடுத்துவிடுகிறார்.