வண்டியிலிருந்து இறங்கிய ஆட்டுக்கு முதல் நாளே விருந்து வைக்காதீர்கள்

"வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது, ஒரு வாரத்தில் சளி பிடித்துச் செத்துவிட்டது." ஆடு வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழி விற்றவர் மேல்தான் விழும். ஆனால் பல சமயம் கோளாறு வண்டியிலும், வந்து இறங்கிய முதல் சில நாட்களிலும்தான் இருக்கும்.

இரைச்சல், குலுக்கல், தாகம், முன்பின் தெரியாத ஆடுகளின் நெரிசல் எல்லாம் சேர்ந்து ஆட்டின் உடலில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை ஏற்றிவிடும், எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த பாஸ்டுரெல்லா வகைக் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கும். இது முற்றி நிமோனியாவாக வெளியே தெரியச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால்தான் இறங்கிய அன்று ஆடு துள்ளுவதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

ஏற்றும்போது நடக்கும் தவறுகள் பலருக்கும் தெரிந்தவைதான். வழுக்கும் இரும்புத் தளத்தில் வைக்கோல் போடாமல் விடுவது, கொம்புக் கிடாவையும் குட்டிகளையும் ஒன்றாக அடைப்பது, நிறைசினை ஆட்டை ஏற்றுவது. வண்டி அசுத்தமாகும் என்று முன்கூட்டியே தண்ணீரை நிறுத்துவதும் உண்டு. இதில் மிச்சமாவது வண்டி கழுவும் வேலை மட்டும்தான். மழைக்குப் பயந்து தார்ப்பாயால் முழுக்க மூடுவது இன்னொன்று. உள்ளே சூடும் சிறுநீரின் அமோனியா நெடியும் தேங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். மேலே மூடுங்கள், பக்கங்களில் காற்று போகட்டும்.

பெரிய தவறு அன்போடு செய்வது. நீண்ட பயணத்தில் எடை 10 சதவீதம் வரைகூடக் குறையலாம், அதாவது 20 கிலோ ஆட்டில் 2 கிலோ. அதைப் பார்த்துப் பதறி முதல் வேளையே தானியத்தையும் அடர்தீவனத்தையும் (புண்ணாக்கு, தவிடு கலந்த சத்துத் தீவனம்) கொட்டுகிறோம். குறைந்ததில் பெரும்பகுதி வயிற்றிலிருந்த தீனியும் நீரும்தான். பயணம் நீள நீளத்தான் சதையும் கரையும். பட்டினி கிடந்த இரைப்பையில் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்திருக்கும். அங்கே மாவுச்சத்து திடீரென வந்து குவிந்தால் அமிலம் பெருகும், உப்புசமும் கழிச்சலும் வரும். குடல் கிருமிகளின் நச்சால் வரும் துள்ளுமாரி நோய்க்கும் இதுவே வாசல். முதலில் தண்ணீர், வேண்டுமானால் எலக்ட்ரோலைட் (தாது உப்பு) கலந்து. அப்புறம் உலர்ந்த புல், வைக்கோல். ஆடு நன்றாக அசைபோட ஆரம்பித்த பிறகு அடர்தீவனத்தைக் கைப்பிடி அளவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் கூட்டிக்கொண்டு போகலாம்.

சிலர் அன்றைக்கே தடுப்பூசி, குடற்புழு மருந்து, கொம்பு நுனி வெட்டு என்று எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். களைத்த உடலில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. முடிந்தால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லையென்றால் ஆடு தேறிய பிறகு கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

புது ஆட்டை நேராக மந்தையில் விடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேகமாகத் தொற்றும் வைரஸ் நோயான ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்) அப்படித்தான் பண்ணைக்குள் நுழைகிறது. மூன்று நான்கு வாரம் தனிக் கொட்டில். ஒற்றை ஆடு என்றால் இன்னொன்று கண்ணில் படும் தூரத்திலாவது இருக்கட்டும், தனிமையே அதற்குப் பாதி நோய். தினமும் தீனி எடுக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று பாருங்கள். நிழலில் ஓய்வெடுத்த பிறகும் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, வளர்க்க அல்ல, வெட்டத்தான் கொண்டுபோகிறோம் என்றால்? அப்போதும் களைப்பு இறைச்சியில் தெரியும். சதையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரைதான் வெட்டிய பிறகு அமிலமாக மாறி இறைச்சியைப் பதப்படுத்துகிறது. பயணத்தில் அது தீர்ந்துபோனால் இறைச்சி கருத்து, ஒட்டும் தன்மையோடு இருக்கும், சீக்கிரம் கெடும். ஒரு மணி நேர ஓய்வில் இது திரும்பாது. தண்ணீரும் தீனியும் கொடுத்து ஒரு நாளாவது விட வேண்டும். அந்த ஒரு நாளில் வேறு மந்தைக் கிடாக்களோடு கலந்து அடைத்தால் முட்டிக்கொண்டே மிச்சத்தையும் தீர்த்துவிடும்.