அபொரிஜினல் வழிகாட்டியுடன் ஆஸ்திரேலியப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியில் மூன்று நாள், மெல்போர்னில் மூன்று நாள், நடுவே அரை நாள் “பூர்வகுடி கலாச்சார டூர்”. விடுமுறைக்கு ஆஸ்திரேலியா கிளம்பும் நம் குடும்பங்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. முதல்முறை போகிறவர்கள் அந்த அரை நாளில் செய்யும் தவறுகள் வருடத்துக்கு வருடம் மாறுவதே இல்லை. தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுவோம்.

கதை சொல்பவர் யார் என்று கேட்காமல் பணம் கட்டுவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். இன்றும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

1788இல் ஆங்கிலேயர் வந்து குடியேறியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொரு மக்களுக்கும் தனி நிலம், அந்த நிலத்துக்கென்று தனிக் கதைகள், பாட்டுகள், சடங்குகள். அந்தக் கதையைச் சொல்லும் உரிமை அந்த மண்ணின் குடும்பங்களுக்கு மட்டுமே உண்டு. பக்கத்து நிலத்தின் கதையை ஒரு அபொரிஜினல் (பூர்வகுடி) பெரியவரே தொடமாட்டார். “அது அவர்களைக் கேட்க வேண்டியது” என்று நிறுத்திக்கொள்வார்.

ஆனால் புக்கிங் தளத்தில் தேடினால், பஸ் ஓட்டுநர் மைக்கில் மனப்பாடம் ஒப்பிக்கும் டூரும் அதே பட்டியலில் வரும். விளம்பரப் படத்தில் உடம்பில் வெள்ளைக் களிமண் பூசிய ஒருவர் நிற்பார். நேரில் அவரைப் பார்க்கவே முடியாது. பெரிய தொகை கட்டிவிட்டு, கையேட்டில் இருப்பதையே கேட்டுவிட்டு வருவீர்கள். அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட அந்த ஊர்க் குடும்பங்களுக்குப் போகாது. அதைவிடப் பெரிய இழப்பு, கிடைக்கவேண்டிய மனிதர் கிடைக்காமல் போவது.

பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இடம் எந்த மக்களின் நிலம்? வழிகாட்டி அந்த மக்களைச் சேர்ந்தவரா, இல்லையென்றால் யாருடைய அனுமதியில் பேசுகிறார்? நிறுவனத்தின் உரிமையாளர் யார்? ஒழுங்காக நடத்துகிறவர்கள் முதல் வரியிலேயே மக்களின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். “உண்மையான பழங்குடி அனுபவம்” என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். பூர்வகுடி நிறுவனங்களைப் பட்டியலிடும் சப்ளை நேஷன் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதில் சேர, பாதிப் பங்காவது பூர்வகுடிகளிடம் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரலே சில சமயம் காட்டிக்கொடுத்துவிடும். டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல் வட ஆஸ்திரேலியாவின் வாத்தியம். உளுரு என்ற பெரும்பாறை நிற்கும் மத்தியப் பாலைவனத்து ஆனங்கு மக்களின் மரபில் அது கிடையாது. உளுரு பாறையடியில் டிஜெரிடூவை “இந்த மண்ணின் தொன்மையான இசை” என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். அக்ரிலிக் புள்ளி ஓவியமும் அப்படித்தான்: 1971இல் மத்தியப் பாலைவனத்து பபுன்யாவில் தொடங்கிய இயக்கம் அது. வடக்கே கக்காடு தேசியப் பூங்கா, ஆர்னம் லேண்ட் பக்கம் பார்க்க வேண்டியவை மெல்லிய குறுக்குக்கோடுகளும், மீனின் எலும்பும் குடலும் உள்ளே தெரியும் எக்ஸ்ரே பாணியும்.

வடகிழக்குக் கரையிலுள்ள கெய்ர்ன்ஸ் நகருக்கு வடக்கே, மாஸ்மன் கார்ஜ் மழைக்காட்டுப் பள்ளத்தாக்கில் இன்னொரு குழப்பம். அங்குள்ள பார்வையாளர் மையத்தில் ஷட்டில் பஸ் டிக்கெட் வாங்கிவிட்டு, வழிகாட்டியோடு நடக்கும் நடையும் அதிலேயே அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஷட்டில் உங்களைப் பள்ளத்தாக்கில் இறக்கிவிடும், அவ்வளவுதான். குக்கு யலஞ்சி மக்கள் அழைத்துப்போகும் ட்ரீம்டைம் நடைக்குத் தனியாக, முன்கூட்டியே புக் செய்ய வேண்டும். அது புகைச் சடங்கோடு தொடங்கும். வழியில் வழிகாட்டி ஒரு மரத்தின் இலையைப் பறித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்ப்பார். சோப்புப் போல வெள்ளை நுரை பொங்கும். காவிக்கல்லை ஈரப் பாறையில் அரைத்துக் குழம்பாக்கிக் கையில் பூசிக் காட்டுவார். பக்கத்திலேயே இதய வடிவ இலையோடு நிற்கும் கொட்டுமரத்தைக் காட்டி, தொடாதே என்பார். கண்ணாடி ஊசி போன்ற அதன் முடிகள் தோலில் ஏறினால் வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தாத்தா பாட்டியிடம் கற்றவர் வாயால் கேட்பதற்குத்தான் இந்தப் பணம்.

உளுருவின் அடிவாரத்தில் மாலா நடை என்ற பாதையில் பூங்கா ரேஞ்சர் இலவசமாக அழைத்துப்போகிறார். நல்ல நடை, தவறவிடாதீர்கள். ஆனால் ரேஞ்சர் எல்லா நாளும் ஆனங்குவாக இருக்கமாட்டார். ஆனங்கு ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஆனங்கு கலை மையமான மருக்கு ஆர்ட்ஸ் நடத்தும் ஓவியப் பட்டறைக்குப் போங்கள். பெரும்பாலும் ஓவியர் தன் மொழியில் பேச, பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்வார்.

உளுரு மேல் ஏறும் திட்டம்

2019 அக்டோபர் 26 முதல் தடை.

சீசன் பார்க்காமல் டிக்கெட் எடுப்பது

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கக்காடு போகிறவர்கள் பாதிப் பூங்கா மூடியிருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். சாலைகள் வெள்ளத்தில் மூழ்கும், கலாச்சாரப் படகுப் பயணம் போன்றவை பெரும்பாலும் வறண்ட மாதங்களில்தான் ஓடும். நம்மூர்ப் பள்ளி விடுமுறையான ஏப்ரல்–மேயில் போனாலும் சில பாதைகள் திறந்திருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாதுகாப்பான தேர்வு. அங்குள்ள பினின்ஜ் மக்கள் வருடத்தை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். அந்தந்தப் பருவத்தில் பூப்பதையும் பழுப்பதையும் வைத்தே வழிகாட்டி பேசுவதால், போகும் மாதம் எந்தப் பருவம் என்று முன்பே படித்துவிட்டுப் போங்கள்.

உளுருவில் பிரச்சினை வெயில். முன்னறிவிப்பு 36 டிகிரியைத் தொட்டால் பக்கத்துப் பாறைக் குன்றுகளான கட்டா ஜூட்டாவின் நீண்ட பாதை பகல் 11 மணிக்கு அடைக்கப்படும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இறங்கிப் “பக்கத்திலுள்ள” உளுருவுக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: இடையில் சுமார் 450 கிலோமீட்டர்.

பெர்மிட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

ஆர்னம் லேண்ட் அபொரிஜினல் மக்களின் சொந்த நிலம். அங்குள்ள கன்பலான்யா என்ற ஊரின் இஞ்ஜலாக் குன்றில் உள்ளூர் வழிகாட்டியோடு பாறை ஓவியம் பார்க்க ஆசைப்பட்டால், பூர்வகுடி நில அமைப்பான நார்தர்ன் லேண்ட் கவுன்சிலின் பெர்மிட் (அனுமதிச் சீட்டு) வேண்டும். சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். டூர் நிறுவனத்தோடு போனால் பெர்மிட்டை அவர்களே எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். சொந்தமாக ஓட்டினால் கேஹில்ஸ் கிராசிங் என்ற ஆற்றுக் கடவையைத் தாண்ட வேண்டும். அங்கே கடல் ஓதம் ஏறி இறங்கும், முதலைகள் நிறைய. ஓத அட்டவணை பார்க்காமல் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். வாடகைக் கார் ஒப்பந்தம் அந்தச் சாலையை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வியால் துளைப்பது

வழிகாட்டி ஒரு கதையைப் பாதியில் நிறுத்தினால் அது மறதி அல்ல. பார்வையாளர்களுக்குச் சொல்லும் கதை அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவு. மீதி வயதும் சடங்கும் தாண்டியவர்களுக்கு. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று பிரிந்தவையும் உண்டு. “அப்புறம் என்ன ஆச்சு” என்று மூன்றாம் முறை கேட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார், உங்கள் குழு முழுவதும் மிச்சப் பேச்சை அதோடு இழந்துவிடும். கேள்விக்குப் பின் வரும் நீண்ட மௌனத்தைப் பேசி நிரப்பாதீர்கள், பதில் வந்துகொண்டிருக்கும். “நீங்கள் எத்தனை சதவீதம் அபொரிஜினல்?” என்பது எந்த நிலையிலும் கேட்கக் கூடாத கேள்வி. பெரியவர்களை மற்றவர்கள் அங்கிள், ஆன்ட்டி என்று அழைப்பதைக் கேட்டால், நீங்களும் அப்படி அழைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது அங்கே வயதுக்கும் அறிவுக்கும் தரும் மரியாதை.

கேமரா

உளுருவைச் சுற்றிச் சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். கர்ப்பக்கிரகத்துக்குள் போனை நீட்டமாட்டோம் இல்லையா, அதே கட்டுப்பாடு. மனிதர்களை எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கல்

உளுருவிலிருந்து எடுக்காதீர்கள், எடுத்துப்போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு அதைத் தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள்கூட இடைவெளி விடாதது

ஊரில் ஒரு சாவு விழுந்தால் துக்கம் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் நீளும். டூர் ரத்தாகும், சில இடங்கள் மூடப்படும். அடுத்த நாளே விமானம் வைத்திருப்பவர்கள் கவுன்டரில் நின்று சண்டை போடுகிறார்கள். அது வேண்டாம். கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள், ரத்தானால் பணம் திரும்புமா என்பதை முன்பே படியுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது பல இடங்களில் வழக்கம். படத்தைக் காட்டி யார் என்று கேட்காதீர்கள்.

விமான நிலையத்தில் பூமராங் வாங்குவது

இந்தோனேசியாவில் செய்த பொருள்களை அபொரிஜினல் கைவேலை என்று விற்ற ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஊர் ஓவியர்களே நடத்தும் கலை மையங்களில் வாங்குங்கள்: உளுருவில் மருக்கு, கன்பலான்யாவில் இஞ்ஜலாக். ஓவியத்தோடு வரும் சான்றிதழில் ஓவியர் பெயர், ஊர், மொழிக்குழு, படத்தின் கதை நான்கும் இருக்க வேண்டும். “கையால் வரைந்தது” என்று மட்டும் ஒட்டியிருந்தால் யார் கை என்று கேளுங்கள்.