மயங்கி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள்

பள்ளி மைதானத்தில் சுதந்திர தினக் கொடியேற்றம். வெயிலில் வெகுநேரம் அசையாமல் நின்ற மாணவி ஒருத்தி இரண்டு முறை கொட்டாவி விடுகிறாள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்புகிறது. அடுத்த கணம் சரிந்து விழுகிறாள். நான்கு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுகளில் மோசமானது இதுதான்.

நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைச் சற்று வேகமாக ஓட்டி, உடல் அதை ஈடுகட்டும். புழுக்கம், தண்ணீர் குடிக்காமை, நெடுநேரம் நிற்பது, ஊசி, ரத்தத்தைப் பார்ப்பது போன்ற வேளைகளில் சிலருக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். குழாய்கள் தளரும், வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு ரத்தம் போதாமல் நினைவு தப்பும். பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932-ல் இதற்கு வாசோவேகல் மயக்கம் என்று பெயர் சூட்டினார்.

விழுவதே இதற்குப் பாதி வைத்தியம். படுத்த நிலையில் ரத்தம் தானாக மூளைக்குத் திரும்பும். எனவே மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடியுங்கள். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பது நல்லது. நினைவு தெளியும்வரை வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மூச்சு சீராக இல்லை என்றாலோ, ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ 108-ஐ அழையுங்கள்.

உட்கார வைத்த மாணவிக்குக் கைகால் வெட்டி இழுக்கத் தொடங்கினால் அடுத்த தவறு அரங்கேறும்: காக்காய் வலிப்பு என்று யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் குறைந்தாலே சாதாரண மயக்கத்திலும் இப்படி வெட்டும். மயக்கத்தில் அது சில நொடிகளில் அடங்கி, கண் விழித்ததும் ஆள் தெளிவாகப் பேசுவார். வலிப்பு என்றால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், தெளிந்த பிறகும் குழப்பம் நீடிக்கும். சிறுநீர் பிரிவது இரண்டிலும் உண்டு; அதை வைத்து முடிவுகட்டக் கூடாது. தவறாக ஒட்டிய வலிப்பு முத்திரை, வரன் பார்க்கும் வீடு வரை துரத்தும். தேவையற்ற மாத்திரைகள் வேறு.

இங்கேதான் நேரில் பார்த்தவரின் அருமை. விழுந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது. பார்த்தவரை உடன் அழைத்துச் செல்லாமல் மருத்துவரிடம் போனால், அந்த இடைவெளியை நிரப்ப ஸ்கேன் எழுதப்படும். தலையில் அடியோ கைகால் பலவீனமோ இல்லாதவருக்கு சி.டி. ஸ்கேனால் பயன் மிகக் குறைவு. நடந்த விவரம், படுத்தும் நின்றும் பார்த்த ரத்த அழுத்தம், ஓர் இசிஜி ஆகிய மூன்றும்தான் அடிப்படை. விவரம் தெளிவில்லாதபோது, சாய்மேசையில் கட்டி 60 முதல் 70 டிகிரி வரை நிமிர்த்திப் பார்க்கும் சோதனை உதவும்.

எல்லாவற்றையும் ‘காலையில் சாப்பிடவில்லை’ என்று தள்ளிவிடுவது இதற்கு நேரெதிரான தவறு. ஓடும்போது விழுந்தவர், படுத்திருக்கும்போதே நினைவிழந்தவர், விழுமுன் நெஞ்சு படபடத்தவர், குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் உள்ளவர் ஆகியோர் தாமதமின்றி இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதியவர் என்றால் பிரஷர் மாத்திரையையும் புராஸ்டேட் மாத்திரையையும் சந்தேகியுங்கள். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

சிகிச்சை என்றதும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதில் நமக்கு ஒரு திருப்தி. அடிக்கடி மயங்குபவருக்கு நாள்தோறும் இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் அதைவிடப் பயன்படும். உயர் ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இல்லாதவர் உப்பைக் கூட்டலாம். மாத்திரைகளின் பலன் சுமார்தான்; பேஸ்மேக்கர் வெகு சிலருக்கே.

கண் இருட்டி, காது அடைக்கும்போது ‘கொஞ்சம் காற்று வாங்கலாம்’ என்று எழுந்து நடப்பவர்கள்தான் படியில் உருண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இருந்த இடத்திலேயே படுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு காலை மறுகால் மீது குறுக்காக வைத்து, தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். விரல்களைக் கோத்து இரு கைகளையும் எதிரெதிராக இழுங்கள். இறங்கும் அழுத்தம் சில நொடிகளில் ஏறும். ஊசிக்கு மயங்குபவர் லேபில் அதை முன்கூட்டியே சொல்லி, படுத்தபடியே ரத்தம் கொடுக்கலாம். எடுத்து முடித்ததும் சட்டென்று எழுந்துவிடாதீர்கள்.